புதன்கிழமைப் புகை

சமையலறையில் இருந்த இரும்பு அடுப்பை சைமா மனதுக்குள் மாமியார் என்றுதான் கூப்பிடுவாள். எவ்வளவு போட்டாலும் போதாது, போட்டதில் குறை கண்டுபிடிக்கும், கொஞ்சம் முகத்தைத் திருப்பினால் அணைந்துபோய் உட்கார்ந்துகொள்ளும். அவள் கணவன் யால்மரி, உருளைக்கிழங்கு தோண்டி முடித்த கையோடு மரம் வெட்டும் முகாமுக்குக் கிளம்பியபோது, கொட்டகை நிறைய மேப்பிள் விறகை அடுக்கி வைத்திருந்தான். "வசந்தம் வரைக்கும் தாங்கும், மிச்சம்கூட இருக்கும் பாரு" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். விறகைத் தட்டிக்கொடுத்தானா, தன்னைத் தட்டிக்கொடுத்தானா என்று அவளுக்கு இன்றுவரை சந்தேகம். கிறிஸ்துமஸ் முடிந்த கொஞ்ச நாளிலேயே கொட்டகையின் பின்சுவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

யால்மரி மேல் தப்பில்லை. அவன் எப்போதும் போடுகிற அளவுதான் போட்டான். குளிர்தான் தன் அளவை மறந்துவிட்டது. சுப்பீரியர் ஏரியிலிருந்து கிளம்பிய காற்று பூமி உறையும் முன்பே வந்து வாசலில் உட்கார்ந்தது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதையாக, அவள் பிளந்து பிளந்து போட, அடுப்பு தின்றுகொண்டே இருந்தது. முகாம் காட்டுக்குள் எங்கேயோ வெகு தொலைவில். ஆற்றில் பனி உடைந்து, வெட்டிய மரங்களை மிதக்கவிட்ட பிறகுதான் ஆண்கள் வீடு திரும்புவார்கள். அதற்கு முன்னால் அவனுக்குச் சொல்லி அனுப்ப ஆளும் இல்லை, வழியும் இல்லை.

ஆகவே அவளே வெட்டினாள். கொல்லைக் காட்டில் கைக்கு எட்டியதெல்லாம் பச்சை பாப்ளர் மரம். உள்ளே இருக்கும் நீர் உறைந்து கல்லாகக் கிடக்கும். அடுப்பில் போட்டால் முனையில் நுரை தள்ளும், உஸ்ஸென்று சீறும், புகைபோக்கி வழியாகக் கெட்டி கெட்டியாகப் புகை போகும். சூடு மட்டும் வராது. அறைக்குள் இருக்கும்போதே பிள்ளைகளின் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.

விறகு ஒன்றுதான் வேலை என்றால்கூடப் பரவாயில்லை. விடிந்ததும் சாம்பல் அள்ள வேண்டும். வீட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன ஏரியின் பனியில் வெட்டி வைத்த குழி இரவோடு இரவாக மூடிக்கொண்டிருக்கும். அதைக் கடப்பாரையால் குத்தித் திறந்து தண்ணீர் சுமக்க வேண்டும். பசு மான்சிக்கிக்கு வைக்கோல், தண்ணீர், சாணம் அள்ளுதல், பால் கறத்தல். ரை தானிய மாவு பிசைந்து ரொட்டி சுட வேண்டும்; சூடு இல்லாத அடுப்பில் ரொட்டி வேகாமல் நடுவில் களியாக நின்றது. கைக்குழந்தை ஓன்னியின் துணிகளைத் துவைத்து வெளியே போட்டால் பலகையாக விறைத்தன, உள்ளே போட்டால் காயவே மாட்டோம் என்றன. ஐந்து வயது மகள் இம்பிக்கு இருமல். இதற்கு நடுவில் ஐந்து மாத ஓன்னிக்குப் பசிக்கும், கட்டை அறுக்க வேண்டும், அறுத்ததை இழுத்து வர வேண்டும், இழுத்ததைப் பிளக்க வேண்டும். ஒருநாள் பால் கறக்கும்போது பசுவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்தவள் அப்படியே இருந்துவிட்டாள். அந்த வீட்டில் சூடாக இருந்தது அந்த வயிறு ஒன்றுதான். எழுந்து போகப் பயமாக இருந்தது. வீட்டுக்குள் போனால் அடுத்த வேலை நிற்கும் என்ற பயம். யால்மரி மேல் கோபம் வந்தது, அப்புறம் அது நியாயமில்லை என்று தன்மேல் கோபம் வந்தது.

திறந்த வயல்வெளிக்கு அந்தப் பக்கம், மேட்டின்மேல் ஃபீனாவின் வீடு. அந்தக் குடியிருப்பில் எல்லாரும் பின்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர்கள், அல்லது வந்தவர்கள் பெற்ற பிள்ளைகள். காலையில் எழுந்ததும் முதல் வேலை, ஜன்னல் பனியைச் சுரண்டிவிட்டு அக்கம்பக்கத்துப் புகைபோக்கிகளைப் பார்ப்பது. புகை வந்தால் ஆட்கள் நன்றாக இருக்கிறார்கள். வரவில்லை என்றால் யாராவது பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். சொல்லிவைத்துச் செய்கிற காரியம் இல்லை இது.

ஃபீனாதான் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் பேறுபார்ப்பவள். ஓன்னியையும் அவள்தான் எடுத்தாள், கோடை முடிவில், இவர்கள் சவுனாவில் வைத்து. சவுனா என்றால் ஏரிக்கரையில் நிற்கும் சின்ன மரக்குடில். உள்ளே கல் அடுக்கிய அடுப்பு, ஆவியில் குளிக்க மரப்பலகைகள். பிறப்பதும் அங்கேதான், செத்தால் கடைசியாகக் குளிப்பாட்டுவதும் அங்கேதான். மற்றபடி சனிக்கிழமை மட்டும் அது புகையும். ஒரு சனிக்கிழமை ஃபீனா வீட்டுச் சவுனா, மறு சனிக்கிழமை இவர்களுடையது என்று முறை வைத்து இரண்டு குடும்பமும் சேர்ந்தே குளித்துக்கொண்டிருந்தார்கள்.

அதைக் கெடுத்தது ஞானஸ்நானப் பேச்சு. யால்மரி தொழிலாளர் மன்றத்து ஆள். பாதிரியார் நிழல் வாசலில் விழுந்தாலும் ஆகாது அவனுக்கு. ஃபீனாவோ ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவள்.

"தண்ணி படாத பிள்ளைக்கு நாளைக்கு ஒண்ணுன்னா, அது எங்க போகும் தெரியுமாடி?" என்று கேட்டாள் ஃபீனா.

"எங்க போனாலும் உங்க கோவிலுக்கு வந்து பெஞ்சுல இடம் கேக்காதுக்கா" என்றாள் சைமா.

வாய்க்கொழுப்பு. சொல்லி முடிக்கும்போதே அது அவளுக்குத் தெரிந்தது. ஃபீனா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு போனாள், அதன்பின் வரவில்லை. இவளும் போகவில்லை. போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஃபீனாவின் கணவர் குஸ்தா குதிரை பூட்டி ஒரு வண்டி காய்ந்த விறகைக் கொண்டுவந்து தள்ளியிருப்பார். கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால், "சரி, பிள்ளைக்குத் தண்ணி தெளிக்கலாமா?" என்று பதில் வரும் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பதிலாகச் சவுனா விறகில் கை வைத்தாள். காய்ந்த பிர்ச் விறகு, சனிக்கிழமைக்கென்று தனியாக அடுக்கியது. வீட்டு அடுப்புக்கு என்ன பஞ்சம் வந்தாலும் அதைத் தொடக்கூடாது. தொட்டாள். நாளுக்கு இரண்டு துண்டு என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரே ஒரு கைச்சுமை விறகு மிஞ்சியது. அதைத் தொட மனசு வரவில்லை. சனிக்கிழமைகள் குளிக்காமலே போயின.

அந்தப் புதன்கிழமை காலையில் காற்று நின்றிருந்தது. வேலி ஓரம் பனிக்குள் சாய்ந்து நின்ற ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தைச் சைமா ரம்பத்தின் முதுகால் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது. நின்றபடியே செத்து, நின்றபடியே காய்ந்த மரம்! இத்தனை நாள் அதைக் கடந்துதான் தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அறுத்தாள், துண்டு போட்டாள், சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்து வந்து முற்றத்தில் தள்ளினாள். ஜன்னலுக்கு உள்ளிருந்து இம்பி மூக்கைக் கண்ணாடியில் அமுக்கிக்கொண்டு பார்த்தாள். "இன்னைக்கு வீடு சுடப்போகுது பாரு!" என்று சைமா அவளுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும். ஸ்ப்ரூஸ் மரத்தில் கணுக்கள் அதிகம். உறைந்த கணு இரும்புக்குச் சமம். அது தெரிந்தவள்தான், மற்ற நாளாக இருந்தால் துண்டைத் திருப்பி வைத்துப் போட்டிருப்பாள். சந்தோஷத்தில் கை வேகமாகப் போயிற்று. கோடாரி கணுவில் பட்டு வழுக்கி, இடது கால் பூட்சுக்குள் இறங்கியது.

முதலில் வலிக்கவில்லை. பூட்ஸ் கிழிந்துவிட்டதே என்றுதான் நினைத்தாள், வேறு பூட்ஸ் இல்லையே என்று. அப்புறம் பனி சிவந்தது.

வீட்டுக்குள் எப்படி வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. மாவுச் சாக்கைக் கிழித்துக் காலைச் சுற்றி, மரக்கரண்டியை வைத்து முறுக்கிக் கட்டினாள். துணி நனைந்தது. இன்னொன்றைக் கட்டினாள், அதுவும் நனைந்தது, கொஞ்சம் மெதுவாக. எழுந்து நிற்கப் பார்த்தபோது அறை சுற்றியது.

"அம்மா, காலுல என்னம்மா?"

"ஒண்ணுமில்லடி தங்கம். தம்பிகிட்ட உக்காரு."

அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. முற்றத்தில் ஒரு வாரத்துக்கான காய்ந்த மரம் கிடக்கிறது. பிளக்காத துண்டுகள், அடுப்பின் வாயில் ஒன்றுகூட நுழையாது. பிளந்தவை சில துண்டுகள் மட்டும். இரவுக்குள் வீடு உறைந்துவிடும். தான் மயங்கி விழுந்தால் இம்பிக்கு அடுப்பு மூட்டத் தெரியாது, ஓன்னிக்குப் பால் இல்லை. பயந்தாள். காலுக்காக அல்ல. காலையில் வந்து கதவைத் திறக்கிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று நினைத்துத்தான்.

ஃபீனா வீட்டுக்குக் குரல் எட்டாது. விளக்கை ஜன்னலில் வைக்கலாம், எல்லா வீட்டு ஜன்னலிலும்தான் விளக்கு இருக்கிறது. அடுப்பை அணையவிட்டால் புகை நிற்கும். ஆனால் அதை ஃபீனா நாளைக் காலையில்தான் பார்ப்பாள். அதுவரை பிள்ளைகள் தாங்க வேண்டுமே. இத்தனை நாளும் அந்தப் பாழாய்ப்போன பச்சை மரம் கெட்டிப் புகையாக விட்டு, இந்த வீட்டில் எல்லாம் அமோகம் என்று ஊருக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இன்று என்ன கிழமை என்று அவளுக்கு உறைத்தது.

சனிக்கிழமை சவுனா புகைந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். புதன்கிழமை புகைந்தால்? பார்த்தவர்கள் கையில் இருக்கும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வருவார்கள். ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே புகை எழ வேண்டும். வெளிச்சமோ மரங்களுக்குப் பின்னால் சரிய ஆரம்பித்திருந்தது. இன்னொன்றும் இருந்தது. சவுனாவுக்குப் போய், விறகெல்லாம் எரித்துத் தீர்த்து, ஃபீனா பார்க்காமல் போய்விட்டால், வீடும் இல்லை சவுனாவும் இல்லை. பார்த்துவிட்டு வராமல் போய்விட்டால் என்ற எண்ணமும் வந்தது. அதை அவள் முழுதாக நினைக்கவில்லை.

"இம்பி, கோட்டைப் போடு. நம்ம சவுனாவுக்குப் போறோம்."

"இன்னைக்கு சனிக்கிழமை இல்லையேம்மா."

"தெரியும். போடு."

ஓன்னியைக் கம்பளியில் சுருட்டித் துணி துவைக்கும் தொட்டியில் வைத்து, தொட்டியைச் சறுக்குவண்டியில் வைத்தாள். பிளந்த விறகைப் பக்கத்தில் செருகினாள். தான் முழங்காலில் தவழ்ந்து கயிற்றை இழுத்தாள். இம்பி இருமிக்கொண்டே பின்னாலிருந்து தள்ளினாள். ஏரிக்கரை வரை இறக்கம்தான், நடக்கிறவர்களுக்குக் கூப்பிடு தூரம். தவழ்ந்தவளுக்கு அது முடியவே முடியாது போலிருந்தது. ஓரிடத்தில் பனியில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாள். சுகமாக இருந்தது. "அம்மா, தம்பி அழறான்" என்ற குரல் கேட்டது. ஓன்னி அழவில்லை. இம்பிதான் அழுதாள். சைமா எழுந்தாள்.

சவுனா அடுப்பில் பிர்ச் விறகு முதல் தீக்குச்சியிலேயே பற்றியது. நல்ல விறகு, நல்ல தீ. வாசலில் தலையை நீட்டிப் பார்த்தால் புகைபோக்கியில் புகையே இல்லை! காய்ந்த விறகு அப்படித்தான், சூடு கொடுக்கும், புகை கொடுக்காது. இத்தனை நாள் கண்ணைக் கரித்த புகை, வேண்டும் என்னும்போது வரமாட்டேன் என்றது. சைமா கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள். இம்பி வாயைப் பொத்திக்கொண்டாள். தீ மூட்ட வைத்திருந்த பிர்ச் பட்டைகளைச் சைமா முழுவதுமாக அள்ளித் தீயில் திணித்தாள், மேலே வாசலோரம் கிடந்த, பனி ஒட்டிக்கொண்டிருந்த கிளைகளைப் போட்டாள். பட்டையில் எண்ணெய் இருக்கிறது. கறுப்புப் புகை குபுகுபுவென்று எழுந்து, காற்றில்லாத வானத்தில் நேராக நின்றது.

"பாருக்கா" என்றாள் சைமா, மேட்டைப் பார்த்து. "பாரு. பாரேன்."

பட்டை தீர்ந்தது. கிளை தீர்ந்தது. வெளியே நீலம் கறுப்பானது. குடில் சின்னது என்பதால் சூடு பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் தூங்கிப்போனார்கள். அவள் கடைசித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, அடுத்தது என்ன எரிக்கலாம் என்று உட்காரும் பலகைகளைப் பார்த்தாள். கோடாரி முற்றத்தில் கிடந்தது.

கதவு படாரென்று திறந்தது. ஃபீனா நின்றாள், மூச்சு வாங்க, தலைத்துணியெல்லாம் பனி. சைமாவை அவள் பார்க்கவே இல்லை.

"எங்க அவன்?"

"யாருக்கா?"

"பிள்ளைடி! பிள்ளை எங்க?"

தொட்டிக்குள் இருந்த ஓன்னியை வாரி எடுத்தாள். தூக்கம் கலைந்த கோபத்தில் அவன் வீரிட்டான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஃபீனா அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். கோட்டுக்குள்ளிருந்து மடித்த வெள்ளைத் துணி ஒன்று நழுவி விழுந்தது. அதன் அளவைப் பார்த்ததுமே அது எதற்கென்று சைமாவுக்குத் தெரிந்தது. பெரியவர்களுக்குச் சுற்றுகிற அளவில்லை.

"புதன்கிழமையும் அதுவுமா சவுனா புகையுது. உன் புருஷன் ஊருல இல்ல, நீ பெத்துப்போடவும் வழியில்ல. அப்புறம் நான் என்னன்னுடி நெனைக்கறது? குஸ்தா குதிரை பூட்டறாரு, அதுக்குள்ள நான் ஓடியாந்துட்டேன்."

"காலுக்கா" என்றாள் சைமா. "கோடாரி பட்டுருச்சு."

ஃபீனா அப்போதுதான் கீழே பார்த்தாள். தரையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், வெறும் விறகு மூலையைப் பார்த்தாள்.

"விறகு எங்கடி?"

"இல்ல."

"வீட்டுல கரியா புகை போகுதே நாள் பூராவும். மகராசி எப்படி எரிக்கறா பாருன்னு நெனச்சேனே."

"பச்சை மரம்கா எல்லாம்."

ஃபீனா சைமாவிடம் இல்லாமல் அடுப்பிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "சனிக்கிழமையெல்லாம் இங்க புகையில்லன்னு பார்த்தேன். குஸ்தா கேட்டாரு, என்னன்னு போய்ப் பாருன்னு. கடவுளையே வேண்டாம்னவளுக்குக் குளியல் எதுக்குன்னு சொன்னேன்."

அவள் ஓன்னியை இடது தோளில் போட்டுக்கொண்டு, அடுப்போரத்து வாளியில் உருகியிருந்த தண்ணீரில் வலது கையை விட்டாள். சூடு பார்க்கத்தான். உள்ளங்கையில் தண்ணீர் நின்றது. பக்கத்தில் குழந்தையின் தலை, மயிரில்லாமல், வேர்த்து. கை அங்கேயே நின்றுவிட்டது. ஆபத்துக்காலத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், பாதிரியார் தேவையில்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

சைமாவுக்கு யால்மரியின் முகம் நினைவுக்கு வந்தது. திறந்த கதவும், வெளியே இருட்டும், அடுப்பில் கனலாகிக்கொண்டிருந்த கடைசித் துண்டும் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தன.

"தெளிச்சிடுங்கக்கா" என்றாள்.

"என்னது?"

"தண்ணி. தெளிச்சிடுங்க. யால்மரிகிட்ட நான் பேசிக்கறேன். அவர் என்ன சொன்னாலும் சரி. தெளிச்சிட்டு..." கை நீட்டி ஃபீனாவின் பாவாடை நுனியைப் பிடித்தாள். "பிள்ளைங்கள மட்டும் விட்டுட்டுப் போயிடாதீங்கக்கா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

ஃபீனாவின் விரலிடுக்கில் தண்ணீர் வழிந்து தரையில் சொட்டியது. கோடையிலிருந்து அவள் கேட்கக் காத்திருந்த சொல் அது. ஜெபத்தில்கூட அதைத்தான் கேட்டிருந்தாள்.

"நான் தெளிக்கலைன்னா," என்றாள் மெதுவாக, "உங்கள இப்படியே விட்டுட்டுப் போயிடுவேன்னா நெனச்சே?"

இல்லை என்று பொய் சொல்லும் தெம்பு சைமாவிடம் அப்போது இல்லை.

ஃபீனா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஓன்னியை அவன் அம்மாவின் மார்பில் வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டாள். அந்த வெள்ளைத் துணியை எடுத்துப் பல்லால் கடித்து நீளவாக்கில் கிழித்தாள். அவளால் கண்ணீரை அடக்க முடியவில்லை, கட்டு போடும் இடம் சரியாகத் தெரியவில்லை. மேட்டில் குஸ்தாவின் குதிரை மணி கேட்டபோது அவள் காலில் கடைசி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள்.